பச்சையாக இருந்த ஒன்பதாம் வார்டு

ஒன்பதாம் வார்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. நகராட்சிப் படத்தில் ஒன்பதாம் வார்டு பச்சையாக இருந்தது. தவறு இதுதான். மற்றதெல்லாம் இது போட்ட குட்டிகள்.

படத்தைப் போட்டவர் புள்ளிவிவரப் பிரிவின் வரைவாளர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். கோடு கோணியதாக ஒரு புகார் கிடையாது. கையில் எந்நேரமும் ஓரடி ஸ்கேல் இருக்கும். கோடு போடுவதும் அதில்தான், முதுகு சொறிவதும் அதில்தான். ஆபீசில் அவருக்குப் பெயரே ஸ்கேல்.

ஸ்கேல் மேல் குற்றமில்லை. விதிப்படிதான் போட்டார். விதி சுலபம். வார்டு வாரியாக நூற்றுக்கு எத்தனை பேர் படுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதில் பெரிய எண்ணை எடுத்து ஐந்து சம துண்டாக வெட்ட வேண்டும். அடித்துண்டில் விழும் வார்டுக்குப் பச்சை. உச்சித்துண்டுக்குச் சிவப்பு. நடுவில் உள்ளவற்றுக்கு நடுவில் உள்ள நிறங்கள்.

ஊரிலேயே பெரிய எண் இரண்டாம் வார்டுக்குக் கிடைத்தது. நூற்றுக்குப் பதினெட்டு. இரண்டாம் வார்டு என்பது கைவிட்ட விமானத் தளம். ஊர் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அது. குடியிருப்பவர்கள் பதினொரு பேர். காவல்காரர் குடும்பம் ஒன்று, அவர் மச்சான் குடும்பம் ஒன்று. காவல்காரரும் மச்சானும் முந்தாநாள் கறியைச் சூடு பண்ணித் தின்றுவிட்டு, இரண்டு நாள் சொம்பும் கையுமாக அலைந்தார்கள். பதினொன்றில் இரண்டு. நூற்றுக்குப் பதினெட்டு. கணக்கில் ஒரு ஓட்டை இல்லை.

ஒன்பதாம் வார்டில் ஒன்பதாயிரம் பேர். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் படுத்தால் நூற்றுக்கு மூன்றரைகூட வராது. பதினெட்டை ஐந்தாக வெட்டினால் அடித்துண்டு மூன்றரையைத் தாண்டித்தான் முடியும். மயிரிழையில் தப்பியது ஒன்பதாம் வார்டு. பச்சை.

போதாக்குறைக்கு அந்த வார்டு படத்தில் பயறு அளவு. அதன் மேல் ஒன்பது என்று எண் போட்டதும் பயறும் மறைந்துவிட்டது. இரண்டாம் வார்டு படத்தின் வலது பக்கம் பூராவும் ரத்தமாக ஓடியது. ஆணையர் பார்த்தார். உடனே உத்தரவு போட்டார். சிவப்பு நிற வார்டுகளில் போர்க்கால அடிப்படையில் சகல நடவடிக்கைகளும் முடுக்கிவிடப்பட வேண்டும். ஏனைய நிற வார்டுகளில் எக்காரணம் கொண்டும் குழாய்ப் பணிகள் மேற்கொள்ளலாகாது.

முடுக்கிவிட்டார்கள். மூன்று தண்ணீர் லாரி, ஆறு டாக்டர், ஐயாயிரம் துண்டறிக்கை. ஆளுக்கு அரை டாக்டர் வீதம் பதினொரு பேரையும் பிடித்து உட்கார வைத்தார்கள். காவல்காரரின் மாமியார் ஒரே நாளில் மூன்று தடவை நாக்கை நீட்டிக் காட்டினார். நாலாவது தடவை கேட்காமலே நீட்டினார். துண்டறிக்கைகளை ஆடு தின்றது. ஆட்டுக்கும் ஒரு டாக்டர் வந்து பார்த்தார்.

ஒன்பதாம் வார்டில் ஸ்கேலின் தங்கை இருந்தாள். பத்துக்குப் பத்து அறை, முன்னால் ஒரு அடுப்பு, பின்னால் பொதுக்குழாய். அந்தக் குழாயில் ஒரு மாதமாக வந்த தண்ணீரை முகர்ந்தாலே தெரியும், அது எங்கெங்கே போய்விட்டு வருகிறது என்று. தங்கையின் ஆறு வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கையில் ட்ரிப்ஸ். முதல் முறை சரியாகி வீட்டுக்கு வந்தாள். அதே குழாய், அதே தண்ணீர். மறுபடி ஆஸ்பத்திரி. மூன்றாவது முறை வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போக வேறு இடமும் இல்லை, சக்தியும் இல்லை.

தங்கை போனில் ரொம்பப் பேசவில்லை.

"அண்ணா, நீதானே எங்க வார்டைப் பச்சையாக்கினது?"

"கணக்குப்படி வந்துச்சும்மா."

"கணக்கை வந்து ஒரு டம்ளர் குடிச்சிட்டுப் போகச் சொல்லு."

ஸ்கேல் மறுநாள் ஆணையர் அறைக்குப் போனார். எண்கள் அடங்கிய பட்டியலையும் எடுத்துப் போனார். ஆணையர் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்தே பேச மாட்டார். உட்காரச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்பார்.

"ஒன்பதாம் வார்டு பச்சைதானே?"

"பச்சைதான் சார். ஆனா முந்நூறு பேர் படுத்த படுக்கையா இருக்காங்க."

"பச்சையில எப்படிப் படுப்பாங்க?"

ஸ்கேல் பட்டியலை நீட்டினார். ஆணையர் அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். பட்டியல் கோப்புக்கு, படம் முடிவெடுக்க என்று விளக்கினார். எண்ணைப் பார்த்து முடிவெடுக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு எண்ணாகப் பார்க்க வேண்டியிருக்கும், நிர்வாகம் என்னாவது என்று கேட்டார். பிறகு மனமிரங்கி ஒரு வழியும் சொன்னார். நிறமாற்ற விண்ணப்பம் என்று ஒரு படிவம் இருக்கிறது. மூன்று பிரதி எடுத்து வண்ண ஆலோசகரிடம் கொடுக்கலாம்.

வண்ண ஆலோசகர் இரண்டு மாதம் முன்புதான் வந்தவர். பக்கத்து நகராட்சியில் ஒருவரை வைத்துக்கொண்டார்கள், ஆகவே இங்கேயும் ஒருவர். வெள்ளைச் செருப்பு போட்டிருப்பார். எதைக் காட்டினாலும் கண்ணைச் சுருக்கித் தலையைச் சாய்த்துப் பார்ப்பார். ஸ்கேலின் படத்தையும் அப்படிப் பார்த்தார். ஒன்பதாம் வார்டு அவர் கண்ணில் படவில்லை. சிவப்பு பட்டது.

சிவப்பு போன வருஷமே போய்விட்டது என்றார் ஆலோசகர். இப்போது யாரும் சிவப்பு போடுவதில்லை. பச்சையும் சந்தைக் கூடை மாதிரி இருக்கிறது. படம் கத்தக் கூடாது, காதோடு காதாகச் சொல்ல வேண்டும். ஐந்து நிறங்களையும் எடுத்துவிட்டுக் கத்திரிப்பூ நிறத்தில் ஐந்து போடச் சொன்னார். லேசான கத்திரிப்பூ, மிதமான கத்திரிப்பூ, கத்திரிப்பூ, நல்ல கத்திரிப்பூ, ஆழ்ந்த கத்திரிப்பூ.

ஸ்கேல் போட்டார். படம் மிக அழகாக வந்தது. எது எந்தக் கத்திரிப்பூ என்று போட்டவருக்கே தெரியவில்லை. ஆணையர் ஜன்னலோரம் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். அப்புறம் உத்தரவை எடுத்து வாசித்தார். சிவப்பு நிற வார்டுகளில் சகல நடவடிக்கைகளும் என்றிருந்தது. படத்தில் சிவப்பு நிற வார்டு ஒன்றுகூட இல்லை.

அன்று மாலையே அறிக்கை வெளியானது. வயிற்றுப்போக்கு நகராட்சி எல்லைக்குள் முற்றிலுமாக ஒழிக்கப்பட்டுள்ளது. லாரிகள் திரும்பின. டாக்டர்கள் திரும்பினார்கள். ஆணையருக்கு மாலை, ஆலோசகருக்குப் பொன்னாடை. ஸ்கேல் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றார். கூட்டத்தில் நாலைந்து பேர் நடுவிலேயே எழுந்து வேகமாக வெளியே போனார்கள். ஒன்பதாம் வார்டு ஆட்கள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

மேடையை விட்டு இறங்கும்போதே தங்கையின் போன். பெண்ணை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். நோய் ஒழிந்துவிட்டதால் கட்டிலைக் காலி பண்ணச் சொல்லி உத்தரவாம். நாளை மறுநாள் வரைக்கும் டாக்டரம்மா தன் பொறுப்பில் வைத்துக்கொள்கிறார். அதற்குள் அந்தக் குழாய்க்கு ஏதாவது பண்ண முடியுமா?

இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்கேல் விதியை மீறினார். மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்குள் ஆபீசைத் திறந்து பெரிய தாளாக ஒன்றை விரித்தார். நிலத்தை விட்டார். ஆளை எடுத்துக்கொண்டார். எந்த வார்டில் எத்தனை பேரோ அந்த அளவுக்கு அந்த வார்டு. அந்தக் கணக்கில் விமானத் தளம் மிளகு அளவுக்குச் சுருங்கியது. ஒன்பதாம் வார்டு பூசணிக்காய் போல ஊதிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தது. நிறத்துக்கும் தலையை எண்ணினார். எத்தனை பேர் படுத்தார்களோ அத்தனைக்குத் தக்க நிறம். அலமாரியின் அடியிலிருந்து சிவப்பை எடுத்துத் தட்டிப் பூசணிக்காய் முழுக்கப் பூசினார். முத்திரையும் குத்தினார். சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

பத்தரை மணிக்கு ஆணையர் வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். முகம் வெளுத்தது. ஸ்கேலுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. பார்த்துவிட்டார், இனிமேல் குழாய் வந்துவிடும்.

"இது எப்போ நடந்தது?" என்றார் ஆணையர்.

"ஒரு மாசமா சார்."

"ஒரு மாசத்துல இவ்வளவு பெருசா வளர்ந்திருக்கு. என்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

"வார்டு வளரல சார். ஆளுங்களை வச்சு..."

"ஆளுங்களை வச்சுத்தான் ஆக்கிரமிப்பாங்க. வேற எதை வச்சு? விமானத் தளத்தையே முழுங்கிட்டானுங்களே."

ஸ்கேல் விளக்கினார். மூன்று தடவை விளக்கினார். ஆணையர் மூன்று தடவையும் படத்தின் மூலையில் இருந்த முத்திரையைத் தொட்டுக் காட்டினார். முத்திரை அசல். அப்படியானால் படம் அசல். படம் அசல் என்றால் பூசணிக்காயும் அசல். சிவப்பு ஆக்கிரமிப்புக்கு, வயிற்றுப்போக்குதான் நேற்றே ஒழிந்துவிட்டதே. மதியத்துக்குள் ஒன்பதாயிரம் பேருக்கும் நோட்டீஸ் போயிற்று. நகராட்சிக்குச் சொந்தமான விமானத் தளத்தைத் தாங்கள் சட்டவிரோதமாக அனுபவித்து வருவது வரைபடத்தின் வாயிலாகத் தெரியவருகிறது.

தங்கை போன் பண்ணினாள். இப்போது கெஞ்சவில்லை.

"எங்க வீட்டுல ரன்வே இருக்காம்ணா. கட்டிலுக்கு அடியிலகூடப் பார்த்தேன். காணோம்."

ஸ்கேல் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"குழாயைக் கேட்டா நிலத்தைப் பிடுங்க வர்றீங்க. நல்லா இருங்க."

மறுநாள் அளக்கப் போனார்கள். நில அளவையர் ஒருவர், குழாய்ப் பிரிவிலிருந்து இரண்டு ஃபிட்டர்கள், எல்லைக் கல் நடுவதற்கு ஒரு ஆள். படத்துக்குப் பொறுப்பாளி என்று ஸ்கேலையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாள். குழாயில் தண்ணீர் அப்படியேதான் வந்துகொண்டிருந்தது.

கல் நடுகிற ஆள் ஐம்பது வயதிருப்பார். ஒல்லி. தோளில் கடப்பாரை. ஆபீசில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. கடப்பாரையைக் கூப்பிடு என்பார்கள், இவர் வருவார்.

அளவையர் வார்டை அளந்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க எட்டு நிமிஷம் ஆயிற்று. படத்தைப் பார்த்தார். படத்தின்படி இரண்டு மணி நேரம் ஆக வேண்டும். தரையில்தான் ஏதோ கோளாறு என்று குறித்துக்கொண்டார். குத்துமதிப்பாக நடு இடத்தைப் பிடித்து அங்கே கல்லை நடச் சொன்னார். அது தங்கையின் தெரு முனை. தெருவே கூடிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பாதிப் பேர்.

கடப்பாரைக்காரர் இரண்டடி தோண்டினார். நிறுத்தினார்.

"சார், கீழ ஏதோ இருக்கு. டங்குன்னு சத்தம் வருது."

அளவையர் படத்தைப் பார்த்தார். "படத்துல ஒண்ணும் இல்ல."

"கீழ இருக்கு சார்."

"படத்துல இல்லாதது கீழ எப்படி இருக்கும்? குத்துய்யா."

குத்தினார். தண்ணீர் பனை உயரத்துக்குப் பீறிட்டது. அளவையர் நனைந்தார். படம் நனைந்தது. பூசணிக்காயின் சிவப்பு ஒழுகி அவர் சட்டையில் இறங்கியது.

ஃபிட்டர்கள் பதறிக்கொண்டு ஓடிவந்து வால்வை மூடினார்கள். அவர்கள் பதறியதற்குக் காரணம் இருந்தது. குழாய் தானாகக் கெட்டால் அந்த வார்டு சிவப்பாக வேண்டும், அதுவரை தொடக் கூடாது. ஆனால் நகராட்சி ஊழியர் கைப்பட உடைந்த குழாயை நாலு மணி நேரத்துக்குள் புதுசாக மாற்றியே தீர வேண்டும். இல்லாவிட்டால் பிரிவுத் தலைவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நிறம் தேவையில்லை. அந்த விதியைப் பிரிவுத் தலைவர்கள்தான் எழுதினார்கள்.

பீறிட்ட தண்ணீர் மண்ணை அரித்துக் குழியைப் பத்தடி நீளப் பள்ளமாக்கியிருந்தது, அடியில் முழங்காலளவு தண்ணீர். கடப்பாரைக்காரர் அதிலேயே நின்று கையால் துழாவிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கேலைக் கூப்பிட்டுக் காட்டினார். உடைந்த இடத்திலிருந்து ஆறடி தள்ளிக் குழாயின் அடி வயிறு துருப்பிடித்து வாய் பிளந்திருந்தது. பக்கத்தில் சாக்கடைக் குழாய். அதிலிருந்து கறுப்பாக ஒன்று கசிந்து நேராக அந்த வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் படுத்தது இதனால்தான்.

ஸ்கேல் ஃபிட்டர்களிடம் கெஞ்சினார். அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், குழாய் இருக்கிறது, ஆள் இருக்கிறது, குழி இருக்கிறது. ஃபிட்டர்கள் எட்டிப் பார்த்தார்கள். அனுதாபப்பட்டார்கள். அது பழைய ஓட்டை, தானாக விழுந்தது, கை வைத்தால் தங்களுக்கு வேலை போகும் என்றார்கள். உடைந்த இடத்தில் மட்டும் மூன்றடி மாற்றப் போவதாகச் சொல்லி அளவெடுக்க ஆரம்பித்தார்கள்.

கடப்பாரைக்காரர் ஸ்கேல் பக்கம் திரும்பினார்.

"ஏன் சார், அதை மாத்தணும்னா என்ன வேணும்?"

"வார்டு சிவப்பா ஆகணும்."

"ஆகாதா?"

"ஆகாது."

"நான் உடைச்சா?"

ஸ்கேல் அவரைப் பார்த்தார். "நீங்க உடைச்சா நிறம் வேண்டாம்."

கடப்பாரைக்காரர் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். யாரும் தடுப்பதற்குள் கடப்பாரையைத் தூக்கிப் பழைய ஓட்டையின் மேலேயே இறக்கினார். ஒரு அடி போதவில்லை. மூன்று போட்டார். குழாய் இரண்டாகப் பிளந்து சேற்றில் விழுந்தது.

"இதுவும் நான் உடைச்சதுதான்," என்றார் ஃபிட்டர்களிடம். "எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். மூன்றே கால் மணி நேரத்தில் பன்னிரண்டடி புதுக் குழாய் மாற்றிச் சாக்கடையையும் அடைத்துவிட்டார்கள். சாயங்காலம் பெண் வந்தபோது குழாயில் முதலில் கலங்கலாக, பிறகு வெள்ளையாகத் தண்ணீர் வந்தது. தங்கை ஒரு டம்ளர் பிடித்து முதலில் அண்ணனிடம் நீட்டினாள். ஸ்கேல் குடித்தார். ஒரு மணி நேரம் அவரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணுக்குக் கொடுத்தாள்.

மூன்று வாரத்தில் ஒன்பதாம் வார்டில் ஒருவரும் படுக்கவில்லை. ஆணையர் இதை ஆராய்ந்தார். கத்திரிப்பூ நிறம் மக்கள் மனத்தில் ஏற்படுத்திய அமைதியே குடல் அமைதிக்கு வித்திட்டது என்று ஆலோசகர் இருபது பக்கம் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்து மூன்று நகராட்சிகள் கத்திரிப்பூவுக்கு மாறின. உடனே ஆலோசகர் கத்திரிப்பூ பழசாகிவிட்டது என்று மறுபடி சிவப்புக்குத் தாவினார். பூசணிக்காய்ப் படமும் பிரபலமாயிற்று. கவுன்சிலர்கள் தினம் வந்து தங்கள் வார்டையும் கொஞ்சம் ஊதிப் போடச் சொன்னார்கள். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் வாபஸ் ஆகவில்லை. ஒன்பதாயிரம் பேரும் இன்றும் சட்டப்படி விமானத் தளத்தில்தான் வசிக்கிறார்கள்.

அடுத்த மாதப் படம் வந்தது. ஊர் முழுக்க வயிற்றுப்போக்கு நாலே பேருக்கு. நாலு பேரும் பதினாலாம் வார்டு, ஒரே வீடு, ஒரே சட்டி மீன். பெரிய எண்ணை எடுத்து ஐந்தாக வெட்டினார் ஸ்கேல். விதிப்படி பதினாலாம் வார்டு சிவப்பு. போட்டுக் கொடுத்தார்.

அன்று தங்கை பேசினாள். பெண்ணைப் பதினாலாம் வார்டுப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக இருந்தது.

"அது வேண்டாம்ணா."

"ஏன்?"

"படத்தைப் பார்த்தேன். சிவப்பா இருக்கு."

"நாலு பேரும்மா. மீனு."

"நாலோ நாப்பதோ, சிவப்பு சிவப்புதானே. சும்மாவா போட்டிருப்பாங்க?"

போட்டது யார் என்று ஸ்கேல் சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. அவரே ஒரு வாரமாகப் பதினாலாம் வார்டைச் சுற்றிக்கொண்டுதான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தார்.

ஆண்டறிக்கையில் ஒன்பதாம் வார்டை மீட்டவர்கள் என்று ஏழு பேரைப் போட்டார்கள். ஆணையர் முதலில், ஆலோசகர் இரண்டாவது, நனைந்த அளவையர் மூன்றாவது. ஸ்கேல் நாலாவது. அவர் பாராட்டுப் பத்திரத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியும் விட்டார்.

அரசுக் குழாயை ஒரே நாளில் இரண்டு முறை சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போயிற்று. முதல் முறை படத்தை நம்பி உடைத்தேன், இரண்டாம் முறை கண்ணால் பார்த்து உடைத்தேன் என்று பதில் வந்தது. முதல் முறைக்கு மன்னிப்பு, இரண்டாம் முறைக்கு ஒரு வருஷ சம்பள உயர்வு நிறுத்தம். அந்தத் தண்டனையை வாங்கியவர், ஏழு பேர் பட்டியலில் இல்லாதவர், அந்தக் குழாயைச் சரி செய்த ஒரே ஆள், கடப்பாரைக்காரர்.